அம்மன் நாய் தொட்ட பிள்ளை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச, ஆபீஸில் இருக்கிற சத்யா போனில் பிடித்து எழுதிக்கொள்கிறாள். "ஆயா, நீ பேசுறத அப்படியே எழுதினா வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. நான் கொஞ்சம் சரி பண்ணிக்கறேன்" என்றாள். "பண்ணிக்கோடி. ஆனா நான் சொல்லாதத சேக்காத" என்றேன். சிரித்தாள். ஏதாவது சேர்த்திருப்பாள், எனக்கு எப்படித் தெரியும்?

முட்டி வலி வந்து நான் வேலையை விட்டாலும், வாரத்துக்கு ஒரு முறை பஸ் ஏறிப் பிராணிகள் காப்பகத்துக்கு வந்துவிடுவேன். வீட்டில் உட்கார்ந்தால் மருமகளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். போன வாரம் வந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒரு சந்தேகம் கேட்டார்கள். குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன் செய்த தெரு நாயைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது, கூண்டைத் திறப்பதற்கு முன்னால் அந்தத் தெருப் பெண்களைக் கூப்பிட்டு நாங்கள் ஒன்று சொல்வோம். "இது ஊசி போட்ட நாயிதான். இருந்தாலும் கடிச்சா சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இது சாமி நாயி கெடையாது." அந்தக் கடைசிப் பேச்சுதான் அவர்களுக்குச் சிரிப்பு. "நாய எவ ஆயா சாமின்னு சொன்னா?" என்று கேட்டார்கள்.

எவளோ ஒருத்தி இல்லை. ஊரே சொன்னது.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடிகை சாருலேகா என்றால் தெரியாதவர்கள் இல்லை. ஆடி மாதம் டிவியைப் போட்டால் கையில் சூலம், கண்ணில் நெருப்பு, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு என்று நிற்பார். அம்மன் வேஷம் என்றால் அந்தக் காலத்தில் அவர்தான். அவரைப் பார்த்துத் தியேட்டரிலேயே சாமி வந்து ஆடியவர்களை எனக்குத் தெரியும். என் நாத்தனாரே ஒருத்தி.

அவர் அம்மா பிறந்த ஊர் சிதம்பரம். ஒரு வருஷம் எங்கள் பக்கம் வெள்ளம் வந்து வீடெல்லாம் முங்கியபோது, லாரியில் அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு வந்தார். நானும் வரிசையில் நின்றேன். அரிசிக்காக நின்றேன் என்பது பாதிதான் நிஜம். நடிகைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் முகத்தில் துளை தெரியுமா, தெரியாதா என்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. தெரிந்தது. நம்மைப் போலவேதான்.

அன்றைக்கு என் கையில் அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு, எதிரே குட்டிச்சுவர் மேல் நடுங்கிக்கொண்டு நின்ற நாய்களைக் காட்டி, "இதுங்களுக்கு யாரும்மா சோறு போடுவாங்க?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். "மனுசனுக்கே இல்ல, இதுல நாயிக்கு வேறயா?" அவர் கோபப்படவில்லை. "சரி, நான் அரிசி தர்றேன். நீங்க ஆக்கிப் போடறீங்களா?" என்றார். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. பரீட்சையும் இல்லை, சிபாரிசும் இல்லை. வரிசையில் நின்று சிரித்தேன், வேலை கிடைத்தது.

லாரி திரும்பிப் போய்விடும், அவரும் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பை வாங்கிக் கொட்டகை போட்டார். படத்தில் நடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார், பிறகு முழுசாக விட்டார். நாய்கள் வந்தன, மணல் வண்டி இழுத்துத் தோள் புண்ணான மாடுகள் வந்தன, கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவிட்டுக் கண் தெரியாமல் போன ஒரு குதிரையும் வந்தது. திரும்ப வெள்ளம் வந்தபோது மனுஷருக்குப் பாலும் ரொட்டியும், மாட்டுக்கு வைக்கோலும் ஒரே வண்டியில்தான் போயின. "எதுக்குக்கா ரெண்டையும் சேத்து?" என்று கேட்டதற்கு, "ஒரே வீட்டுக்குத்தான அஞ்சலை போகுது?" என்றார்.

ஆரம்பத்தில் நான் நாய்ச் சோறு மட்டும்தான் ஆக்கினேன். உப்பு போடக் கூடாது, வெங்காயம் போடக் கூடாது. உப்பில்லாத சோற்றை எப்படித்தான் தின்கின்றன என்று ஒரு நாள் வாயில் போட்டுப் பார்த்தேன். பரவாயில்லை, பசித்தால் தின்னலாம். அப்புறம் நாயைப் பிடிக்க, தூக்க, வாய்க்குத் துணிக்கட்டுப் போட எல்லாம் பழகிக்கொண்டேன். ரெண்டு மூணு தடவை கடியும் வாங்கினேன். அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் கடி வாங்குவதற்கு முன்னாலேயே வெறிநாய்க்கடி ஊசி போட்டுவிடுவார்கள். அக்காவுக்கும் உண்டு.

அக்கா வேலை வாங்குகிற விதமே தனி. காலையில் பழைய நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வருவார். கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் உட்காருவார். பேச மாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். எந்த நாய் எந்தக் காலை முதலில் வைக்கிறது, எது தண்ணீரைப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்புகிறது, எல்லாம் பார்ப்பார். மனுஷரையும் அப்படித்தான். நாம் பேசும்போது நம் கையைப் பார்ப்பார். எனக்கு முதலில் கூச்சமாக இருக்கும்.

தெருவில் நாய் பிடிக்கப் போனாலும் வலையோடு இறங்கக் கூடாது. முதலில் அந்தத் தெருவில் உட்கார்ந்து, "இது யார் வூட்டு நாயி? எங்க படுக்கும்? யார் சோறு போடறாங்க?" என்று விசாரிக்க வேண்டும். எங்கே பிடித்தோமோ அதே இடத்தில்தான் திரும்ப விட வேண்டும். அடுத்த தெருவில் விட்டால் அங்கே இருக்கிற நாய்கள் கடித்துக் குதறிவிடும். "நாய்க்கு வீடு இல்லாம இருக்கலாம் அஞ்சலை. தெரு இருக்கு" என்பார்.

ஆபரேஷன் என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். தப்பாக நினைக்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற ஆசை. முந்தின ராத்திரி நாய்க்குச் சோறு கிடையாது. காலையில் எடை போட்டு, அதற்குத் தகுந்த அளவு மயக்க ஊசி. வயிற்றில் முடியை வழித்து, மஞ்சள் மருந்து தடவி, டாக்டர் சார் ரெண்டு விரல் போகிற அளவுக்குத்தான் கிழிப்பார். விரலை விட்டுத் துழாவி, கர்ப்பப் பையைக் கண்ணால் பார்க்காமலேயே கொக்கி மாதிரி இழுத்து எடுப்பார். "எப்படி சார் கரெக்டா அதையே புடிக்கிறீங்க? கொடலு வந்துடாதா?" என்று நான் நச்சரிப்பேன். "அஞ்சலம்மா, நீங்க பேசினா கொடலுதான் வரும்" என்பார். தையல் போட்டு, வெறிநாய் ஊசியும் போட்டு, மயக்கம் தெளிவதற்குள் இடது காது நுனியில் கொஞ்சம் வெட்டிச் சூடு வைத்து ரத்தத்தை நிறுத்துவார். இது ஆபரேஷன் ஆன நாய் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் அல்லவா? இல்லாவிட்டால் அதையே மறுபடி பிடித்துக்கொண்டு வருவோம். பிறகு சாக்கு மேல் படுக்க வைத்து, நாக்கை ஒரு பக்கமாக இழுத்துவிட்டு, அது தலையைத் தூக்குகிற வரைக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வினை அந்தக் காதில்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் சாமிக்குக் கிடா நேர்ந்து விடுவார்கள். நேர்ந்து விட்டதற்கு அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு வெட்டுவார்கள். அதற்கப்புறம் அந்தக் கிடாவை யாரும் அடிக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள். யார் கொல்லையில் மேய்ந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். ஊரில் உள்ள நாயெல்லாம் ஒரு நாள் காணாமல் போகிறது. சில நாள் கழித்துக் காதில் வெட்டோடு திரும்பி வருகிறது. கொண்டுவந்து விடுகிறவர் யார்? ஆடி மாதம் டிவியில் சூலத்தோடு வருகிற அம்மன்!

முடிந்தது. எங்கள் பக்கம் முதுநகரில் ஒரு பயல் கல்லை எடுத்தால், "டேய் டேய், அம்மன் நாயிடா, கை வெளங்காமப் போயிடும்" என்று பெரியவர்கள் தடுத்தார்கள். டீக்கடையில் பன் போட்டார்கள். கறிக்கடையில் கொழுப்பு போட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒருத்தி நாய் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். எங்களுக்கு ஒரே சிரிப்பு, கூடவே சந்தோஷம். கால் உடைந்து வருகிற நாய்கள் குறைந்துபோயின. டாக்டர் சார்கூட, "நாம சொல்லிக் கேக்காத ஜனம், இதுக்காவது கேக்குதே" என்றார். அக்கா மட்டும் சிரிக்கவும் இல்லை, மறுத்துச் சொல்லவும் இல்லை.

ஒரு நாள் காலையில் எங்கள் தெருக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "தனக்கோடி வூட்டுப் பேத்திய அம்மன் நாயி தொட்டுடுச்சாமே, கேட்டியா?" என்றாள். எனக்குக் குடம் நிரம்பினது தெரியவில்லை. கடித்துவிட்டது என்று சொல்லவில்லை, பாருங்கள். தொட்டுவிட்டது என்றாள். அம்மை போட்டால் சொல்வோமே, அந்த மாதிரி.

தனக்கோடி எங்கள் தெருக் கோடி வீட்டுக்காரி. மீன் ஏலத்தில் நின்று பேசிப் பேசித் தொண்டை கரகரத்தவள். மகன் போட்டில் கடலுக்குப் போயிருந்தான். வீட்டில் இவளும், மருமகள் செல்வியும், ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பேத்தி பவியும்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறது. அம்மை கண்ட வீடு மாதிரி! உள்ளே பிள்ளையை வேப்பிலை மேல் படுக்க வைத்திருந்தார்கள். கெண்டைக்காலில் பல் பதிந்த காயம், மேலே மஞ்சளும் திருநீறும் அப்பியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கடித்ததாம்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடி!" என்று கத்தினேன்.

"என்னா அஞ்சல, தெரியாத மாதிரி பேசுற?" என்றாள் தனக்கோடி. "ஆத்தா தொட்ட ஒடம்புல ஊசி குத்தலாமா? அம்மை போட்டா குத்துவியா? தெய்வக் குத்தம் ஆயிடும். தலைக்கு மூணு தண்ணி ஊத்தினா ஆத்தா எறங்கிடுவா."

"இது அம்மை இல்லடி, நாய்க்கடி! வெறி நாயா இருந்தா புள்ள பொழைக்காது!"

"அம்மன் நாயிக்கு எப்படி வெறி புடிக்கும்? நீ அங்க சோறுதான ஆக்குற?"

செல்வி ஒரு மூலையில் நின்று என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். நான் வெளியே வந்து காப்பகத்துக்குப் போன் போட்டேன்.

அக்காவும் டாக்டர் சாரும் வண்டியில் வந்து சேர்ந்தார்கள். டாக்டர் நேராக நாயைத் தேடிப் போனார். கவிழ்த்த படகுக்கு அடியில் பதுங்கியிருந்ததாம். அதுவும் எங்கள் காது வெட்டின நாய்தான். அதற்கு ஊசி போட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது, மறுபடி போட்டிருக்க வேண்டும் என்றார். "தாடை தொங்குது. எனக்கு நல்லாப் படல. புள்ளய ஒடனே அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா வாசலுக்கு வந்தபோது உள்ளே தனக்கோடி மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு வழக்கம். செல்வி மறந்துபோய்க் கடுகு தாளித்துவிட்டாள். "தாளிக்காதடின்னு சொன்னனா இல்லியா? காதுல என்னா வச்சிருக்க? ஒங்கப்பன் வூட்டுக் கடுகா?" அக்கா வாசலிலேயே நின்று முழுசாகக் கேட்டார்.

அக்காவைப் பார்த்ததும் தனக்கோடி தடாலென்று காலில் விழுந்தாள். "ஆத்தா! நீயே என் வூடு தேடி வந்துட்டியா!" தெருவே கூடிவிட்டது. எவளோ கற்பூரம் ஏற்றிவிட்டாள்.

"அம்மா, எழுந்திரிங்க. நான் ஆத்தா இல்ல. பாப்பாவ ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"சோதிக்கிற தாயி" என்று தனக்கோடி சிரித்தாள். "நான் ஏமாற மாட்டேன்."

"சத்தியமா நான் வெறும் நடிகைம்மா. சம்பளம் வாங்கிட்டு நடிச்சேன்."

"எல்லாம் ஒன் வெளையாட்டு."

அக்கா கையைக் காட்டினார். "இங்க பாருங்க, என்னையும் நாய் கடிச்சிருக்கு. நானும் ஊசி போட்டிருக்கேன். ஆத்தாவுக்கு எதுக்கும்மா ஊசி?"

"எங்க வலியெல்லாம் நீ வாங்கிக்கிட்ட" என்று சொல்லி அழுதாள் தனக்கோடி. கூட்டத்தில் ரெண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்குப் பக்தி முற்றுகிறது. நான் அக்கா காதில் சொன்னேன். "அக்கா, ஆத்தா மாதிரியே ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போன்னு. கேட்டுக்குவாங்க."

"இன்னிக்குக் கேப்பாங்க அஞ்சலை. நாளைக்கு வேற ஊர்ல கடிச்சா, நான் வந்து சொல்ற வரைக்கும் வேப்பிலை கட்டிட்டு உக்காந்திருப்பாங்க."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தனக்கோடியையே பார்த்தார். பக்கெட் மேல் உட்கார்ந்து நாயைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு வாசலில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தை உருவினார். கொண்டையை அவிழ்த்தார்.

நான் அவரோடு எத்தனையோ வருஷம் இருந்தவள். எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த நைட்டியும் துண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. கண் ரெண்டும் நிலைகுத்தி, உதடு துடித்து, நடு வாசலில் அம்மன் நின்றாள். பெண்கள் குலவை போட்டார்கள். தனக்கோடி கையெடுத்துக் கும்பிட்டு ஆட ஆரம்பித்தாள்.

விளக்கை அணைத்த மாதிரி அக்கா நிறுத்தினார். முடியை முடிந்துகொண்டு, "இது ஒண்ணு" என்றார். உடனே முதுகு வளைந்தது, ஒரு கால் இழுத்தது, இல்லாத பீடியைப் பற்றவைத்து இருமிக்கொண்டு ஒரு கிழவர் அந்த வாசலைக் கடந்து போனார். "இது இன்னொண்ணு." கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. குலவை பாதியில் நின்றது.

மூன்றாவதாக, கீழுதட்டைப் பிதுக்கி, ஒரு கையை இடுப்பில் வைத்து, கரகரத் தொண்டையில் ஆரம்பித்தார். "தாளிக்காதடின்னு சொன்னனா இல்லியா? காதுல என்னா வச்சிருக்க? ஒங்கப்பன் வூட்டுக் கடுகா?"

அச்சு அசல் தனக்கோடி! கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது யார் என்று சொல்ல முடியாது. முதலில் சிரித்தது செல்விதான். வாயைப் பொத்திக்கொண்டாள், முடியவில்லை. பிறகு தெருவே சிரித்தது. மீன் கூடையோடு நின்ற ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

தனக்கோடி ஆடுவதை நிறுத்தினாள். முகம் சிவந்தது. "யாரப் பழிக்கிற? என் வூட்டு வாசல்ல நின்னு என்னியே பழிக்கிறியா? சினிமாக்காரி! துட்டு குடுத்தா எந்த வேஷமும் கட்டுறவதான நீ? மூஞ்சில பூசின பவுடர்தான ஒனக்குச் சாமி?"

அக்கா கையைக் கூப்பினார். "அதேதாம்மா! சினிமாக்காரிதான். இவ்வளவு நேரமா அததான் சொல்றேன். சாமியா இருந்தா இந்தத் திட்டு திட்டுவீங்களா?"

அதற்குள் செல்வி உள்ளே போய்ப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

"ஏ செல்வி!"

"நீங்க திட்டி முடிங்க அத்தே. நான் போயிட்டு வந்துர்றேன்."

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் மஞ்சளும் திருநீறும் போகக் காயத்தை நான்தான் கழுவினேன். போதும் போதும் என்று பிள்ளை கத்தியது, நான் விடவில்லை. அப்புறம் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரி. கையில் முதல் தவணை ஊசி போட்டார்கள், காயத்தைச் சுற்றியும் ஒரு ஊசி போட்டார்கள். நாய்க்குப் பிடிக்கிற மாதிரியே நான் காலைப் பிடித்துக்கொண்டேன். பவி என்னை முறைத்த முறை இருக்கிறதே, இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்த நாயைத் தனிக் கூண்டில் வைத்திருந்தோம். தண்ணீரைப் பார்க்கும், விழுங்க முடியாது. அந்த வாரம் முடிவதற்குள் செத்துப்போனது. டாக்டர் சார் பரிசோதனைக்கு அனுப்பினார். வெறிதான் என்று பதில் வந்தது. தனக்கோடி வீட்டு வாசலில் மறுபடி வேப்பிலை ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் எல்லாம் தலைகீழாக மாறியது. சாமி இல்லை என்றானதும் கல் திரும்ப வந்தது. பன் போட்ட டீக்கடைக்காரரே வெந்நீரை ஊற்றினார். கால் உடைந்து, மண்டை உடைந்து நாய்கள் வர ஆரம்பித்தன. கட்டுப் போட்டு மாளவில்லை. அக்கா தெருத் தெருவாக உட்கார்ந்து முதலிலிருந்து பேசினார். கூண்டைத் திறப்பதற்கு முன்னால் சொல்கிற அந்தப் பேச்சும் அப்போது வந்ததுதான். ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டேன். "ஏங்க்கா, அது பாட்டுக்கு இருந்திருந்தா இதுங்களுக்கு இந்த அடி இல்லியே?" தையல் போட்ட ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "இதுக்குத் தையல் போடலாம் அஞ்சலை" என்றார். எனக்குப் பவி முகம் ஞாபகத்துக்கு வந்தது.

பவிக்குக் கடைசி ஊசி போட்ட அன்றைக்கு, காப்பகத்து கேட்டில் யாரோ கூப்பிடுகிற சத்தம். போய்ப் பார்த்தால் தனக்கோடி. பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிள்ளை நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தது. "உள்ள வாடி" என்றேன். வரவில்லை. "அந்தச் சினிமாக்காரிய வரச் சொல்லு" என்றாள்.

அக்கா சோற்றுக் கையோடு வந்தார். தனக்கோடி கும்பிடவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. மேலும் கீழும் பார்த்தாள். "எங்க, என்னிய மாதிரி இன்னொரு தரம் பண்ணிக் காட்டு. அன்னிக்கு நான் சரியா பாக்கல."

அக்கா உதட்டைப் பிதுக்கி, இடுப்பில் கை வைத்து ஆரம்பித்தார். தனக்கோடி தலையைச் சாய்த்துக் கவனமாகப் பார்த்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"கொரலு சரி. கை சரி இல்ல. நான் திட்டும்போது இடுப்புல கை வைக்க மாட்டேன்டி, முந்தானைய ஒதறுவேன்."

அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"இப்ப சரி" என்று சொல்லிவிட்டு, பேத்தியை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.